ஐம்பத்தாறு பார் சும்மா

எங்கள் நூலகத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் வியன்னா, இல்லாவிட்டால் லண்டன். போகிறவர் நானாக இருந்ததே இல்லை. சிங்கப்பூரில் இசைச் சுவடிகளுக்குப் பட்டியல் போடுவது என் உத்தியோகம். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது என்பது என் தகுதி. வாசிக்கத் தெரிந்தவர்கள் நடுவில் ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள், வேலை கெட்டுப்போகும். இருபது வருடம் ரசிக்காமல் எண்ணிக்கொண்டிருந்ததற்குப் பரிசாக, ஐம்பத்து மூன்றாவது வயதில் எனக்கும் ஒரு வெளிநாடு வாய்த்தது. திருத்தணி.

“தமிழ் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்” என்றார் என் மேலதிகாரி அம்மையார், ஒரு வியாதியின் பெயரைச் சொல்கிற குரலில்.

விஷயம் இதுதான். கோதண்டம் என்று ஒருவர் எங்கள் ஊரில் முப்பது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான திருத்தணிக்குத் திரும்பிப் போனார். போன இடத்தில் கால் நீட்டி உட்காராமல், பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கிற ட்ரையோக்களாக எழுதித் தள்ளினார். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஏழு ட்ரையோக்களின் நகல்கள் பழைய மாணவர்கள் மூலம் எங்களிடம் வந்து, பட்டியலும் முடிந்து, அச்சுக்குப் போகிற நேரத்தில் அவர் மகளிடமிருந்து ஒரு கடிதம். எட்டாவது ஒன்று இருக்கிறதாம். இருக்கிறதா, இருந்தால் அவருடையதுதானா என்று பார்த்து வர வேண்டும்.

முதல் நாள் காலையில் விடுதியை விட்டு வெளியே வந்தவன் கொஞ்சம் பயந்துபோனேன். தெரு முழுக்க மொட்டைத் தலைகள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாத் தலையிலும் காய்ந்த சந்தனம். முடி போனால் முகத்தில் அடையாளம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரே ஆள் பத்து இடத்தில் நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. என் தலையில் இயற்கையே வேண்டுதலை நிறைவேற்றிவிட்டதால் நானும் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன். டிபன் கடைக்காரர் இலையைப் போட்டுக்கொண்டே, “இன்னா சாமி, சந்தனம் பூசாம வந்துட்டீங்க? வெயில் ஏறினா எரியுமே” என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன். இட்லிக்கு வைத்த கோங்குரா என்கிற புளிச்சகீரைச் சட்னி, சந்தனம் பூச வேண்டிய இடம் நாக்கு என்று காட்டியது.

கோதண்டம் வீடு மலைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் தெருவில் இருந்தது. கீழே மாவு மில், மேலே வீடு. மகள் சுகுணாவுக்கு என் வயதுக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். மில்லை நடத்துவது அவர்தான். புருவம் வரை மாவு. சிரித்தபோது முகத்தில் கோடுகள் புதிதாக விழுந்தன.

“சிங்கப்பூரா? கொஞ்சம் குந்துங்க சார், இந்த கேப்பய முடிச்சிட்டு வந்துடறேன். ஏம்மா, உன்து கம்புதானே? அந்த டப்பாவுல கொட்டிடாத, அது அரிசி.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நானும் வெள்ளையாகிவிட்டேன்.

மாடியில் ஒரே ஓர் அறை. சுவரோரம் நிமிர்ந்த பியானோ, மூடி சாத்தியிருந்தது. ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலி, அதில் சாய்த்து வைத்த செல்லோ. அதன் பின்னால், பியானோவை ஒட்டி இன்னொரு நாற்காலி, காலியாக. அப்பாவின் வேலை முறையைச் சுகுணா அப்போதுதான் விளக்கினார். எந்தச் சர்வகலாசாலையிலும் கேட்டிராத முறை.

மற்ற இசையமைப்பாளர்கள் மூன்று பகுதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தாளில் எழுதுவார்கள். கோதண்டம் எழுதுவதே இல்லை. பியானோ முன் உட்கார்ந்து வாசித்துக்காட்டிக்கொண்டே, நீ இது, நீ இது என்று வாயால் சொல்வார். அவரவர் பகுதியை அவரவர் நோட்டில் அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். செல்லோ மகள். வயலின் கோதண்டத்தின் அக்கா கணவர் சின்னராஜ், பள்ளிப்பட்டில் நெசவு. தரையில் சம்மணமிட்டுக் கீர்த்தனை வாசித்துக்கொண்டிருந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மேல்நாட்டு எழுத்தைச் சொல்லிக்கொடுத்து, ஏழு ட்ரையோ வாசிக்க வைத்திருக்கிறார். எல்லாம் பழகி முடிந்தபிறகு, கடைசியாகத்தான் பியானோப் பகுதியைத் தன் நோட்டில் எழுதுவார்.

“எட்டாவதுக்கு எழுதறதுக்குள்ள போயிட்டாரு” என்றார் சுகுணா.

“அப்படியானால் வயலின்?”

அவர் முந்தானையால் பியானோ மூடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

எட்டாவதைத் தொடங்கிய முதல் நாள். சுகுணாவுக்கு முதல் பகுதியைச் சொல்லி முடித்துவிட்டு, கோதண்டம் சின்னராஜ் பக்கம் திரும்பி, “பாவா, நீங்க அம்பத்தாறு பார் சும்மா இருங்க” என்றாராம். பார் என்பது நம் தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் மாதிரி. ஐம்பத்தாறு பார் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல். பள்ளிப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனிதர், அதுவும் வீட்டு மாப்பிள்ளை.

“மாமா கேட்டாரு, ‘ஏன் கோதண்டம், சும்மா குந்திகினு இருக்கறதுக்கா என்ன வரச் சொன்னே? அந்த வேலய எங்க ஊட்லயே பாத்துக்கறேன்’னு. வயலின பொட்டியில வெச்சாரு, எழுந்து போயிட்டாரு. அவ்ளோதான் சார். அப்புறம் இந்தப் படி ஏறல.”

உலகத்தில் குடும்பங்கள் பிரிந்ததற்கு எத்தனையோ காரணம் படித்திருக்கிறேன். மௌனக் குறிக்காகப் பிரிந்த குடும்பம் இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அப்பாவும் மகளும் மட்டுமே எட்டாவதை முடித்திருக்கிறார்கள். ஐம்பத்தாறுக்கு அப்புறம் வயலினுக்கு என்ன வைத்திருக்கிறார் என்று கோதண்டம் மகளிடம்கூடச் சொல்லவில்லை. அது பாவாவிடம் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டார். கடைசி நாளில் கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று: “பாவா வந்தாரா?” மறுநாள் பாவா வந்தார். தெருவிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் அவரும் காலமானபோது சுகுணா பள்ளிப்பட்டுக்குப் போயிருக்கிறார். அத்தை கதவைச் சாத்திவிட்டாள். இப்போது அத்தையும் இல்லை. மகன் முனிரத்தினம் மட்டும்தான்.

“நீங்க நெம்பர் போடுங்க, போடாம போங்க, அது உங்க ஆபீஸ் சமாச்சாரம். மாமா அந்த எட்டாவத எழுதினாரா இல்லியா, அது மட்டும் தெரிஞ்சா போதும். எழுதியிருந்தா நைனா கேட்டதுக்கு ஒரு பதிலு. நான் போனா கதவு தொறக்காது. நீங்க வெளியூருக்காரரு.”

எங்கள் விதி எளிமையானது. மூன்று பகுதிகளில் குறைந்தது இரண்டு, பாருக்குப் பார் பொருந்த வேண்டும். பொருந்தினால் எண் உண்டு. ஒன்றே ஒன்று கிடைத்தால், பின்னிணைப்பில் ‘ஐயத்துக்குரியவை’ என்ற தலைப்பின் கீழ் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைச் சொல்ல வாயெடுத்தபோது மணி நான்கு. சுகுணா படியருகே போய்க் கீழே குரல் கொடுத்தார். மில் நின்றது.

அவர் வாசித்தார். நான் விரல்விட்டு எண்ணினேன். முதலில் 56, பிறகு 18, பிறகு 40 பார். அதோடு வில்லை மடியில் இறக்கி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நோட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு தடித்த கோடு, மேலே 23. செல்லோவுக்கும் அங்கே மௌனம். அதாவது பியானோ மட்டும் வாசிக்க வேண்டிய இடம்.

அறையில் சத்தமில்லை. கீழேயும் இல்லை. கூடையும் டப்பாவுமாகப் பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள், ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் ‘அமைதி’ என்று நான்கு மொழியில் பலகை வைத்தும் கிடைக்காத அமைதி. ஒரு நிமிடம் ஆனதும் யாருக்கோ தலையசைத்துவிட்டுச் சுகுணா வில்லை எடுத்தார். மீதி 68, கடைசியில் ஒரு சின்ன 9. மொத்தம் 214.

இறங்கி வரும்போது கம்பு அரைக்க வந்த அம்மாவிடம் கேட்டேன், ஏன் யாருமே பேசவில்லை என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “வாசிச்சிகினு இருக்கறப்ப எப்டி சார் பேசறது?”

இரண்டாம் நாள் பள்ளிப்பட்டு பஸ். சிங்கப்பூரில் பஸ் இரண்டு நிமிடம் தாமதித்தால் மக்கள் அதிகாரிகளுக்குப் புகார் எழுதுவார்கள். இங்கே வயல் நடுவில் கிளட்ச் ஒயர் அறுந்து நின்றபோது, எல்லோரும் புளியமரத்தடியில் இறங்கி உட்கார்ந்து கொய்யா சாப்பிட்டார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. மிளகாய்த்தூள் தடவியது. கடைப் பலகைகளில் எப்போது தமிழ் போய்த் தெலுங்கு வந்தது, எப்போது திரும்பித் தமிழ் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. மாநில எல்லையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கே போகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டார். வயலின் சின்னராஜ் வீட்டுக்கு என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம், அந்த அளவுக்கு எனக்கும் புரியும்.

“யார் வீட்டுக்காம்?”

“சத்தம் வராம வாசிப்பாரே, அந்தக் கிழவர் வீட்டுக்கு.”

“அவர் செத்து எவ்வளவு நாளாச்சு. இப்ப யார் வாசிக்கிறாங்க?”

“சத்தமே வராதே, நின்னுபோச்சா இல்லியான்னு எப்படிச் சொல்றது?” என்றாள் முதல் பெண். இருவரும் சிரித்தார்கள்.

முனிரத்தினத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்து, நான் யார், எதற்கு என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். சுகுணா பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

“எட்டாவது வாசிக்கலீங்க. நைனா அத்த வாசிக்கவே இல்ல.”

“எழுதினாரா?”

“ஆங், எழுதினாரு.”

உள்ளே போய் வயலின் பெட்டியையும் ஒரு நீளமான நோட்டையும் கொண்டு வந்தார். ஒன்று முதல் ஏழு வரை எனக்குத் தெரிந்தவை, நகல்களில் எண்ணி முடித்தவை. புரட்டினேன். எட்டு என்று தலைப்பு. கீழே கோடுகள்.

ஒரு சுரமும் இல்லை. தடித்த கோடு, மேலே 56. அடுத்த கோடு 18. பிறகு 40. பிறகு 23. பிறகு 68. கடைசியில் 9. இரட்டைக் கோடு போட்டு முடித்திருந்தார்.

ஆறு எண்களை இரண்டு முறை கூட்டினேன். பட்டியல்காரனுக்குக் கூட்டல் தவறினால் பிழைப்பு இல்லை. 214.

“இதை யாராவது வந்து சொன்னார்களா? திருத்தணியிலிருந்து போன், கடிதம், போஸ்ட் கார்டு?”

“ரெண்டு ஊட்டுக்கும் பேச்சே கிடையாதுங்க. எங்க நைனா போனே வெச்சிக்கல. கார்டு வந்திருந்தா எங்கம்மா அடுப்புல போட்டிருக்கும்.” சற்று யோசித்தார். “ஒரே நாள்ல எழுதலீங்க. நாலு மணிக்கு வயலின எடுப்பாரு, தோள்ல வெப்பாரு, வில்ல எடுப்பாரு. அப்டியே குந்திகினு இருப்பாரு. மொதல்ல ரெண்டு நிமிசம். அப்புறம் மாசம் போகப் போக ஜாஸ்தியாச்சி. ஒம்போது நிமிசம். நடுவுல ஒரு எடத்துல வயலின மடியில எறக்கி வெப்பாரு, மறுபடி தூக்குவாரு. முடிச்சிட்டு நோட்ட எடுத்து ஒரு கோடு இழுப்பாரு. அம்மா பயந்துகினு மலைக்குப் போயி மந்திரிச்சி தாயத்து வாங்கி வந்துச்சி. கட்டிகினாரு. கட்டிகினே குந்திகினு இருந்தாரு.”

“கடைசி ஒன்பது எப்போது எழுதினார்?”

“அத்த எழுதின மூணாம் நாளு. மாமா போயிட்டாருன்னு திருத்தணியிலேர்ந்து ஆள் வந்துச்சி.”

அவர் வீட்டில் சாப்பிட்டேன். பப்பு என்கிற பருப்புக் கடைசலும் அப்பளமும், நெய் தாராளமாக. ருசித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசலுக்கு வந்து மேலதிகாரிக்கு போன் செய்தேன்.

“வயலின் பகுதி கிடைத்ததா?”

“கிடைத்தது.”

“எத்தனை சுரங்கள் பொருந்துகின்றன?”

“சுரமே இல்லை. மௌனங்கள் பொருந்துகின்றன. இருநூற்றுப் பதினான்கும்.”

வெகு நேரம் எதிர்ப்பக்கத்தில் சத்தமில்லை. இந்த வேலையில் மௌனத்தைத் தவறாமல் எண்ணுவேன். பதினோரு விநாடி. “மௌனத்தில் யாருடைய கையெழுத்து இருக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று வைத்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் என்னை எதையும் முடிவு செய்யச் சொன்னதில்லை.

நோட்டைத் திருத்தணிக்கு எடுத்துப் போகலாமா என்று முனிரத்தினத்தைக் கேட்டேன். அவர் நோட்டை மார்போடு வைத்துக்கொண்டார்.

“குடுக்க மாட்டேங்க. எங்கம்மா சுகுணா வதினாவ வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிச்சி. நான் உள்ளதான் இருந்தேன், ஒண்ணும் சொல்லல. வேணும்னா நாளைக்கு நானே எத்துகினு வரேன்.”

மூன்றாம் நாள் பகல் மூன்றரைக்கு மில் வாசலில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. முனிரத்தினம் வயலின் பெட்டியைத் தறி நூலால் முதுகில் கட்டியிருந்தார். சுகுணா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வா முனி. எளச்சிட்டே.”

“நீ வெள்ளையாயிட்டே வதினா.”

“மாவுடா.”

மாடியில் நோட்டைக் கொடுத்தார். சுகுணா நின்றுகொண்டே படித்தார். ஒவ்வொரு எண்ணின்மேலும் விரல் வைத்தார், எண்ணின்மேல் மாவு ஒட்டியது. ஒன்பதில் விரல் நின்றது.

“இத்த நைனா போறதுக்கு ரெண்டு நாளு முன்னாலதான் சேர்த்தாரு. எனக்குச் சொன்னதோட சரி. வேற ஆளு ஊட்ல இல்ல.”

நான் போஸ்ட் கார்டு பற்றிய என் கொள்கையை மறுபடி எடுத்தேன். யாராவது பார்த்திருக்கலாம், சொல்லியிருக்கலாம் என்றேன். இருவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், வெளியூர்க்காரனுக்குக் கொடுக்கிற மரியாதையாக. பிறகு சுகுணா பியானோப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், “நைனா, மாமா எழுதிட்டாரு” என்றார். உள்ளே ஒருவர் இருக்கும்போது சமையலறை வாசலில் நின்று சொல்வது போல.

மணி நான்கு. மில் நின்றது. சுகுணா செல்லோவை எடுத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். “இவ்ளோ தூரம் வந்துட்டே, சும்மா குந்து” என்று பின்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதே வதினா.”

“எவன் வாசிக்கச் சொன்னான்? உங்க நைனா நோட்ல இருக்கற மாதிரி இரு.”

உலகத்தில் முனிரத்தினத்தால் பிழையில்லாமல் வாசிக்க முடிந்த ஒரே வயலின் பகுதி அதுதான். தோளில் வைத்துக்கொண்டார், வில்லை எடுத்துக்கொண்டார். நான் வாசலருகே நின்று எண்ணினேன். 56. 18. 40. சுகுணா வில்லை இறக்கினார். அவர் முதுகுக்குப் பின்னால், அவர் பார்க்க முடியாத இடத்தில், முனிரத்தினமும் வயலினை மடியில் இறக்கினார்.

இருபத்து மூன்று பார். ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தேன். பதினான்கா பதினைந்தா என்று ஓர் இடத்தில் தட்டிப்போயிற்று. என் வாழ்நாளில் எண்ணிக்கை தவறியது அப்போதுதான். காரணம் கேட்காதீர்கள். ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எண்ண மறந்துவிட்டேன். எதைக் கேட்டேன் என்றால் எதையும் இல்லை. மூடி சாத்தியபடிதான் இருந்தது, பார்த்தேன்.

முனிரத்தினம் வயலினைத் தோளுக்குத் தூக்கினார். ஒரே ஒரு பார் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே சுகுணா வாசிக்கத் தொடங்கினார். சரியாக.

முடிந்ததும் கீழே மில் ஓட ஆரம்பித்தது, கேழ்வரகா கம்பா என்று பெண்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். டீ வந்தது. “அந்த இடத்தில் எப்போது தூக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?” என்று முனிரத்தினத்தைக் கேட்டேன்.

“தலைய ஆட்னாங்களே.”

“சுகுணாவா?”

“வதினா அந்தப் பக்கம் இல்ல பாத்துகினு இருந்துச்சி?” என்றவர், பியானோப் பக்கம் பார்த்தார். பிறகு டீயை ஊதி ஊதிக் குடிப்பதில் மிகுந்த அக்கறை காட்டினார். சுகுணா அவர் தட்டில் இன்னொரு முறுக்கு வைத்தார். மாமன் மகளும் அத்தை மகனும் அதற்கப்புறம் தறி நூல் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

அன்றைக்கே, அந்த அறையிலேயே உட்கார்ந்து பதிவைப் போட்டேன். ட்ரையோ, எண் 8. இயற்றியவர்: கோதண்டம். செல்லோ: 214 பார், முழுமை. வயலின்: 214 பார், முழுமை.

பியானோவுக்கு வந்தேன். கிடைக்காத பகுதிக்கு எங்கள் பட்டியலில் போடுவது ‘இல்லை’ என்ற ஒரு சொல். இருபது வருடத்தில் ஆயிரம் தடவை போட்டிருப்பேன், கை தானாகவே போட்டுவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சொல்லை அடித்தேன்.

‘எழுதப்படவில்லை’ என்று எழுதினேன். அதுவரைக்கும்தான் என்னிடம் ஆதாரம் இருக்கிறது.